ஐஸ் டீச்சருக்குக் கேட்காமல் போனது

அந்தப் பாலர் பள்ளியில் பிள்ளைகளுக்கு இரண்டிரண்டு பெயர். ஒன்று பெற்றவர்கள் வைத்தது. அது வருகைப் பதிவேட்டோடு சரி. இன்னொன்று, கோட்டு மாட்டும் கொக்கிக்கு மேலே ஒட்டியிருக்கும் படத்தின் பெயர். நாலு வயதில் எழுத்துக்கூட்டிப் படிக்க வராது. தன் கொக்கி எது, தன் தம்ளர் எது என்று படத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். ஆகவே பூசணிப் படக்காரன் பூசணி, குடைப் படக்காரி குடை. சேர்ந்த இரண்டாம் வாரமே பிள்ளைகள் ஒருவரையொருவர் அப்படிக் கூப்பிட ஆரம்பித்துவிடுவார்கள். பெற்றவர்களே சில நாள் வாசலில் வந்து நின்று, "எங்க பூசணி கிளம்பியாச்சா?" என்று கேட்பதுண்டு.

டீச்சருக்கும் அப்படி ஒரு பெயர் ஒட்டிக்கொண்டிருந்தது. ஐஸ் டீச்சர். சுபாவத்தில் சில்லென்று இருப்பவர் இல்லை. வகுப்புக்குள் நுழைந்தால் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, மடியில் ஒன்று முதுகில் ஒன்று என்று பிள்ளைகளைச் சுமப்பவர். ஒவ்வொரு குளிர்காலமும் அவர் ஐஸை வைத்துப் பாடம் நடத்துவார் என்பதால் வந்த பெயர் அது. பதினெட்டு பிள்ளைகளும் ஆளுக்கொரு கிண்ணத்தில் தண்ணீர் பிடித்து, அதில் வீட்டிலிருந்து கொண்டுவந்த ஏதாவது ஒரு பொருளைப் போட்டு, சாயங்காலம் போகும்போது பின்கட்டில் வரிசையாக வைத்துவிட்டுப் போவார்கள். மறுநாள் காலை வந்து பார்த்தால் இலை, சாவி, இறகு எல்லாம் கண்ணாடிக்குள் மாட்டிக்கொண்ட மாதிரி உள்ளே நிற்கும். "என் இலை தூங்குது டீச்சர்!" என்று கத்துவார்கள்.

அப்புறம் மூன்று வாரம் அதே பேச்சு. ஐஸை எது கரைக்கும்? உப்பா, கையா, வாயால் ஊதும் காற்றா? ஒரு நாள் இரண்டு துண்டு ஐஸ் எடுத்து, ஒன்றைத் தட்டில் வைப்பார். இன்னொன்றைக் கம்பளிச் சட்டையின் கைக்குள் சுற்றி வைப்பார். எது முதலில் கரையும் என்று கேட்டால், ஒரு பிள்ளை விடாமல், சட்டைக்குள் இருப்பதுதான் என்று சத்தியம் பண்ணும். சட்டை சூடுதானே! ஆனால் தட்டில் இருந்தது தண்ணீராகி, சட்டைக்குள் இருந்தது அப்படியே கல்லாகக் கிடக்கும்போது அந்தப் பதினெட்டு முகத்தையும் பார்க்க வேண்டும். பத்தொன்பது வருடமாகப் பார்த்தும் அவருக்கு அலுக்காத முகங்கள்.

காது எப்போது போக ஆரம்பித்தது என்று அவருக்கே சரியாகத் தெரியாது. வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். நாளெல்லாம் லிஃப்ட் ஓடும் குழிக்குள் நின்றுகொண்டு மூன்றாவது மாடியில் நிற்கிற ஆளோடு கத்திப் பேசிப் பழகினவர். வீட்டுக்கு வந்து, "உப்பு எடு" என்று சொன்னாலும் பக்கத்து வீட்டுக்காரர் உப்போடு வந்துவிடுவார். அந்தத் தொண்டையோடு குடித்தனம் நடத்துகிறவருக்குத் தன் காது மந்தம் எப்படித் தெரியும்? வெளியூரில் வேலை பார்க்கும் மகள்தான் முதலில் கண்டுபிடித்தாள்.

"அம்மா, நான் ஒண்ணு கேட்டா நீ ஒண்ணு சொல்ற. காதைக் காட்டு டாக்டர்கிட்ட."

"போன் சரியில்லடி."

"போனை மாத்தி ஆறு மாசம் ஆச்சு. இன்னும் போன் சரியில்லயா?"

அதற்குப் பிறகு அவரே கவனித்தார். குக்கர் விசில் அடுப்பங்கரையில் நின்றால்தான் கேட்டது. மழை பெய்வதை ஜன்னலைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார். வளர்ந்தவர்கள் பேச்சு ஓரளவு பிடிபட்டது; பிள்ளைகளின் மெல்லிய குரல்தான் பஞ்சுக்குள் புதைந்து வந்தது. முக்கியமாக, பின்னாலிருந்து பேசினால் ஒன்றுமே கிடையாது.

டாக்டரிடம் போகவில்லை. போயிருக்க வேண்டும். ஆனால் இரண்டு வருடம் முன்பு பக்கத்து வகுப்பு டீச்சர், முட்டி வலிக்கிறது, தரையில் உட்கார முடியவில்லை என்று வாய்விட்டுச் சொன்னார். "ஓய்வெடுங்க" என்று அன்பாகத்தான் சொன்னார்கள். ஓய்வெடுத்துவிட்டுத் திரும்பி வந்தபோது அவர் நாற்காலியில் வேறொருவர் இருந்தார். முட்டிக்கே அந்தக் கதி என்றால் காதுக்கு? பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்குக் கண்ணும் காதும்தானே முதல்.

அதனால் வித்தைகள் கற்றுக்கொண்டார். பிள்ளை பேச வந்தால் குனிந்து முகத்துக்கு நேரே முகம் வைத்து உதட்டைப் படித்தார். புரியாவிட்டால், "அப்படியா!" என்றார். அல்லது, "நல்லது கண்ணு" என்றார். பிள்ளைகள் சொல்வதில் முக்கால்வாசிக்கு அந்த இரண்டு பதிலும் பொருந்திப்போகும் என்பதுதான் சங்கடம். வகுப்பில் மணிப் படக்காரி ஒருத்தி இருந்தாள். படத்துக்கு ஏற்ற தொண்டை. "மணி, குடை என்ன சொல்றா, எல்லாருக்கும் கேக்கற மாதிரி சொல்லு" என்றால் தெருவுக்கே கேட்கும். இப்படி வண்டி ஓடியது. பெற்றவர்கள் வேறு, "மத்த டீச்சர் மாதிரி இல்ல. குழந்தை மூஞ்சியப் பாத்து எவ்வளவு அக்கறையா கேக்கறாங்க!" என்று மெச்சினார்கள். அந்த மெச்சல் அவருக்கு முள்ளாகக் குத்தியது. ஆனாலும் சிரித்துவைத்தார்.

அந்த வருடக் குளிர் அந்த வித்தைகளையெல்லாம் ஒரே வாரத்தில் கெடுத்தது. வகுப்பறை ஹீட்டர் பழுதாகி, ஆள் வருகிறார் வருகிறார் என்று இழுத்துக்கொண்டே போனது. உள்ளேயே மூச்சு புகையாக வந்தது. பிள்ளைகள் தொப்பியும் மப்ளருமாக உட்கார்ந்தார்கள். மூக்குவரை சுற்றிய மப்ளர். கண் மட்டும்தான் வெளியே. படிக்க உதடு இல்லை. பதினெட்டு ஜோடிக் கண் தன்னைப் பார்த்துக்கொண்டிருக்க, எது பேசுகிறது என்றுகூடத் தெரியாமல் ஐஸ் டீச்சர் நடுவில் உட்கார்ந்திருந்தார். "மப்ளரைக் கீழ இறக்கிட்டுப் பேசு கண்ணு" என்று எத்தனை தடவைதான் சொல்வது? இறக்கினால் இருமல், இருமினால் மறுநாள் பெற்றவர்களின் புகார்.

அந்த வகுப்பில் குருவி என்று ஒரு பெண். ஒல்லி உடம்பு, எப்போதும் சிவப்பு மப்ளர். நாலு பேர் நடுவே பேசமாட்டாள். சொல்ல வேண்டியதை டீச்சர் பக்கத்தில் வந்து, சட்டையைப் பிடித்து இழுத்து, ஒரே ஒரு தடவை சொல்லிவிட்டு நிற்பாள்.

அது ஐஸ் பாடத்தின் இரண்டாவது வாரம். காலை பின்கட்டில் கிண்ணங்களைக் கவிழ்த்து ஐஸைத் தட்டுகளில் எடுத்துக்கொண்டிருந்தார்கள். கண்ணைவிடப் பெரிய பொருள்தான் கொண்டுவர வேண்டும் என்பது டீச்சர் வைத்த சட்டம். முந்தின நாள் பூசணி தன் அப்பாவின் கோட்டிலிருந்து அறுந்த பித்தானைக் கொண்டுவந்திருந்தான். அதைத் தன் கண்ணுக்கு நேரே பிடித்து, "பெரிசு!" என்று அவனே தீர்ப்புச் சொன்னான். டீச்சருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. விட்டுவிட்டார்.

அவர் குனிந்து ஒரு கிண்ணத்தின் அடியில் வெந்நீர் ஊற்றிக்கொண்டிருந்தபோது சட்டை இழுபட்டது. திரும்பினார். சிவப்பு மப்ளர், இரண்டு கண். மப்ளர் அசைந்தது.

"நல்லது கண்ணு. போய் உன் தட்டுகிட்ட நில்லு" என்றார்.

குருவி நகரவில்லை. மப்ளர் இன்னொரு தடவை அசைந்ததோ என்னவோ, அவர் அதற்குள் திரும்பிவிட்டார்.

அடுத்து அவர் பார்த்தது, வகுப்பில் உதவிக்கு இருந்த ஆயாம்மா ஓடியதை. ஆயாம்மா தண்ணீர் வாளியைப் போட்டுவிட்டு ஓடினார். பூசணி இரண்டு கையாலும் தொண்டையைப் பிடித்துக்கொண்டு நின்றான். அழவில்லை, இருமவில்லை, சத்தமே இல்லை. முகம் நீலம் பாரித்திருந்தது. ஆயாம்மா அவனைத் தன் தொடைமேல் குப்புறச் சாய்த்து, தலையைத் தாழ்த்திப் பிடித்து, முதுகில் உள்ளங்கை அடிப்பாகத்தால் ஓங்கித் தட்டினார். ஒன்று. இரண்டு. மூன்று. நான்காவது தட்டில் எச்சிலோடு பித்தான் தெறித்து விழுந்தது. அதன்பிறகு பூசணி போட்ட கூச்சல் ஐஸ் டீச்சருக்கே நன்றாகக் கேட்டது.

டாக்டர் வந்து பார்த்து, பயமில்லை என்றார். பூசணியின் அம்மா வந்து மகனைத் தூக்கி வைத்துக்கொண்டு, போனாள். பெரிய மேடம், அதாவது பள்ளிப் பொறுப்பாளர், ஐஸ் டீச்சரையும் ஆயாம்மாவையும் அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்.

"பித்தானை யார் விட்டது?"

"நான்தான் மேடம். என் தப்பு." இதைச் சொல்ல அவர் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

"ஐஸை வாயில போட்டதை யாருமே பாக்கலயா? பதினேழு பிள்ளைங்க சுத்தி நிக்கறாங்க. ஒண்ணுகூட வந்து சொல்லலயா?"

"யாரும் சொல்லல மேடம்."

அப்போது அவர் அதை உண்மை என்று நம்பித்தான் சொன்னார்.

சாயங்காலம் வாசலில் வழக்கத்தைவிடக் கூட்டம். செய்தி பரவிவிட்டது, ஆளாளுக்குக் குசுகுசுத்துக்கொண்டிருந்தார்கள். குருவியின் அம்மா, சலவைக்கடையில் இஸ்திரி போடுகிறவள், வேலையிலிருந்து நேரே வந்திருந்தாள். மகளைக் கையில் பிடித்துக்கொண்டு தயங்கித் தயங்கி டீச்சரிடம் வந்தாள்.

"டீச்சர், தப்பா நினைக்காதீங்க. இவ என்னமோ சொல்றா. அவன் ஐஸைச் சப்பறான்னு உங்ககிட்ட வந்து சொன்னாளாம். நீங்க நல்லதுன்னு சொன்னீங்களாம்."

சுற்றியிருந்த குசுகுசுப்பு நின்றதை டீச்சர் உணர்ந்தார். ஏழெட்டு முகம் அவர் பக்கம் திரும்பியது.

"இல்லம்மா. அப்படிச் சொன்னா நான் சும்மா இருப்பேனா? பாவம், குழந்தை பயந்து போயிருக்கு. குழம்பிப் பேசுது."

"நான் சொன்னேன்" என்றாள் குருவி. இதைத் தெளிவாகவே சொன்னாள். மப்ளர் கழுத்தில் தொங்கிக்கொண்டிருந்ததால் டீச்சர் அந்த உதட்டைப் படித்தார்.

அம்மாவுக்கு அத்தனை பேர் முன்னால் அவமானமாகிவிட்டது. "வாயை மூடு. டீச்சரைப் பத்தியே பொய் சொல்லுவியா? வா வீட்டுக்கு" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். பாவம் ஓரிடம், பழி ஓரிடம்.

வீட்டுக்கு வந்து, வெங்காயம் உரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோதுதான் அது அவர் மண்டையில் உறைத்தது. நல்லது கண்ணு. ஒரு நாலு வயசுப் பிள்ளை பொய் சொல்வதென்றால், டீச்சர் திட்டினாங்க என்று சொல்லும். போடான்னாங்க என்று சொல்லும். ஒருத்தன் வாயில் பித்தானோடு ஐஸைப் போட்டுக்கொண்டான் என்று சொன்னதற்கு டீச்சர் 'நல்லது' என்றார் என எந்தப் பிள்ளை கற்பனை பண்ணும்? கேட்காதபோது தான் சொல்லும் வார்த்தை அது. சிவப்பு மப்ளர் அசைந்தது கண்முன் வந்து நின்றது. உரித்த வெங்காயத்தையும் தோலையும் ஒரே பாத்திரத்தில் போட்டுவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தார்.

"என்ன, கண்ணு எரியுதா?" என்று கூடத்திலிருந்து வீட்டுக்காரர் கத்தினார்.

"ஆமா" என்றார்.

மறுநாளே போய்ச் சொல்லியிருக்கலாம். போகும் வழியெல்லாம் வாக்கியத்தைக் கோத்துக்கொண்டே போனார். ஆனால் வாசலில் பூசணியின் அப்பா நின்றிருந்தார், அடிக்கிற மாதிரி முகத்தோடு. பெரிய மேடம் அவரைச் சமாதானப்படுத்திக்கொண்டிருந்தார்: "எங்க டீச்சர் பத்தொன்பது வருஷ அனுபவம் சார். பித்தான் விஷயத்துல அசந்துட்டாங்க, ஒத்துக்கறோம். ஆனா கவனக்குறைவான ஆள் கிடையாது." அந்தப் பேச்சுக்குக் குறுக்கே போய், நான் செவிடு என்று எப்படிச் சொல்வது? நாளைக்கு என்று தள்ளினார். நாளை என்பது ஒன்பது நாள் ஆனது.

ஐஸ் பாடத்தைப் பெரிய மேடம் நிறுத்தச் சொல்லிவிட்டார். பதிலுக்கு, குளிர்கால உடைக் கடை ஒன்று வகுப்பின் மூலையில் திறந்தார்கள். பழைய ஸ்வெட்டர், கையுறை, காலுறை எல்லாம் கயிற்றில் தொங்கின. ஒரு பிள்ளை கடைக்காரர், மற்றவர்கள் வாடிக்கை. ஜோடி சேர்ப்பது, சிறிசு பெரிசு அடுக்குவது, எண்ணுவது எல்லாம் அதில் வந்துவிடும். "உங்களுக்கு என்னங்க வேணும்?" "மூக்குக்கு ஒரு தொப்பி இருக்கா?" என்று அமர்க்களம் பண்ணினார்கள். ஐஸை நிறுத்தியதற்காக ஒருவரும் அழவில்லை; அழுததெல்லாம் கடைக்காரராக முறை வராததற்குத்தான்.

குருவி முறை வந்தபோது பேசவில்லை. கேட்டதை எடுத்துக் கொடுத்தாள். தலையை ஆட்டினாள். "பொய்க்குருவி பேசமாட்டா" என்றாள் மணி, கேலியாகக்கூட இல்லை, தகவலாக. அந்தப் பெயர் நாலு நாளில் நிலைத்துவிட்டிருந்தது. டீச்சர், "அப்படிச் சொல்லக் கூடாது" என்று அதட்டினார். சொன்ன வாய் தனக்கே கூசியது. அந்தப் பெயரைப் பெற்றுப் போட்டவர் அவர்தானே.

அந்த நாட்களில் ஒரு மதியம், பிள்ளைகள் தூங்கும் நேரத்தில், அலமாரியிலிருந்து மூன்று வருடத்து மாணவர் குறிப்புகளை எடுத்துப் புரட்டினார். எதற்கென்று தெரியாமலே எடுத்தார். 'மெதுவாகப் பேசுகிறான்.' 'குரல் தாழ்ந்திருக்கிறது, வீட்டில் பேசப் பழக்கவும்.' 'வாய் திறந்து சொல்லும் பழக்கம் வர வேண்டும்.' எல்லாம் அவர் கையெழுத்து. எண்ணிப் பார்த்தார்: இருபத்திரண்டு பிள்ளைகள். தனக்குக் கேட்காததையெல்லாம் பிள்ளைகளின் குறையாக எழுதிக் கையெழுத்துப் போட்டு வீட்டுக்கு அனுப்பியிருக்கிறார். அவற்றைப் படித்துவிட்டு எத்தனை அம்மாக்கள், 'கத்திப் பேசு, கத்திப் பேசு' என்று பிள்ளைகளை விரட்டினார்களோ.

பத்தாம் நாள் காலை, பின்கட்டில் விளையாட்டு நேரம். உறைபனி விழுந்து புல்லெல்லாம் வெள்ளை. உள்ளே வரும்போது ஆயாம்மா ஒவ்வொருவராகக் கையுறையைக் கழற்றிக்கொண்டிருந்தார். குருவியிடம் வந்ததும் நின்றார்.

"ஐயோ, இவ கையைப் பாருங்க டீச்சர்!"

கையுறை இல்லை. விரல்கள் வெந்த மாதிரி சிவந்து, நுனி வெளிறிப்போய் இருந்தன. மடங்கவில்லை. யாரோ விளையாட்டுக்கு இழுத்துக் கழற்றி வேலிக்கு அப்பால் எறிந்திருக்கிறார்கள். முக்கால் மணி நேரமாக வெறும் கையோடு, ஒரு மூலையில், கையை அக்குளில் வைத்துக்கொண்டு நின்றிருக்கிறாள்.

ஆயாம்மா அவள் கைகளைத் தன் வயிற்றோடு சேர்த்து, சேலைக்கும் ஸ்வெட்டருக்கும் நடுவே பொத்தி வைத்துக்கொண்டார். "ஏண்டி தங்கம், யார்கிட்டயாவது சொல்ல வேண்டியதுதானே? இவ்வளவு நேரம் ஏன் சொல்லல?"

குருவி ஆயாம்மாவின் காதோரம் ஏதோ சொன்னாள். டீச்சருக்குக் கேட்கவில்லை.

"என்ன சொல்றா?" என்று கேட்டார்.

ஆயாம்மா கொஞ்சம் தயங்கினார். "சொன்னா பொய்ம்பாங்களாம்."

ஐஸ் டீச்சர் அதற்கு மேல் அங்கே நிற்கவில்லை. நேரே பெரிய மேடம் அறைக்குப் போனார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. கோத்து வைத்த வாக்கியம் ஒன்றும் வரவில்லை.

"மேடம், அந்தப் பிள்ளை சொன்னது நிஜம். என்கிட்ட வந்து சொன்னா. எனக்குக் கேக்கல. எனக்குக் காது கேக்கறதில்ல."

பெரிய மேடம் கண்ணாடியைக் கழற்றினார். "அன்னிக்குக் கேக்கலயா, எப்பவுமேயா?"

"மூணு வருஷமா."

"மூணு வருஷமா?" மேடத்தின் குரல் உடைந்தது. "நான் அந்த அப்பா முன்னால நின்னு உங்களுக்காக வாதாடினேனே! மூணு வருஷம்னா எத்தனை பிள்ளைங்க? அம்பத்தி நாலு பிள்ளைங்க. எவன் என்னத்தை விழுங்கினான், எவ எங்க விழுந்தா, ஒண்ணும் கேக்காம... ஏன் சொல்லல? நான் என்ன பேயா பிசாசா?"

"வேலை போயிடும்னு பயம்."

"இப்போ மட்டும்?"

டீச்சர், "ஒண்ணே ஒண்ணு கேக்கறேன் மேடம். பிள்ளைங்ககிட்ட நானே சொல்லிடறேன். வேற யாரும் சொல்ல வேண்டாம்" என்றார்.

அன்று மதியமே சொன்னார். பிள்ளைகள் வட்டமாக உட்கார்ந்தார்கள். பெரிய மேடம் கதவோரம் நின்றார். டீச்சர் தன் மப்ளரை மூக்குவரை சுற்றிக்கொண்டு உள்ளேயே ஏதோ முணுமுணுத்தார். "நான் என்ன சொன்னேன்?" யாருக்கும் தெரியவில்லை. "டீச்சருக்கு எல்லார் பேச்சும் இப்படித்தான் கேக்குது. டீச்சர் காது ரிப்பேர். அன்னிக்குக் குருவி வந்து, பூசணி ஐஸை வாயில போட்டுட்டான்னு சொன்னா. எனக்குக் கேக்கல. அப்புறம் எல்லாரும் கேட்டப்போ, அவ சொல்லவே இல்லன்னு சொன்னேன். குருவி சொன்னது நிஜம். டீச்சர் சொன்னதுதான் பொய்."

மணி, "பெரியவங்க பொய் சொல்வாங்களா?" என்றாள்.

"சொல்வாங்க. நான் சொல்லிட்டேன்."

"உங்களை யாரு திட்டுவா?"

"பெரிய மேடம் திட்டினாங்க."

பிள்ளைகள் கதவோரம் திரும்பி மரியாதையோடு பார்த்தார்கள். "மூலையில நிக்க வெப்பாங்களா?" என்று பூசணி அக்கறையாக விசாரித்தான்.

"குருவி, என்னை மன்னிச்சுக்கோ" என்றார் டீச்சர். குருவி கட்டுப் போட்ட விரல்களை மடியில் வைத்துக்கொண்டு, தன் காலுறையில் இருந்த ஓட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நிமிரவேயில்லை.

சாயங்காலம் குருவியின் அம்மாவைத் தனியே கூப்பிட்டு எல்லாம் சொன்னார். கத்துவாள், கூட்டம் கூடும் என்று எதிர்பார்த்தார். அவள் கத்தவில்லை. கேட்டு முடித்துவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"அன்னிக்கு வீட்டுக்குப் போய் அவளை அடிச்சேன் டீச்சர். இதுவரைக்கும் அடிச்சதே இல்ல. பொய் மட்டும் சொல்லக் கூடாதுன்னு சொல்லிச் சொல்லி அடிச்சேன். இல்லம்மா, நிஜமா சொன்னேன்னு அழுதா. நிஜம்னு சொல்லச் சொல்ல இன்னும் அடிச்சேன்." அவள் தன் உள்ளங்கையைப் பார்த்தாள். இஸ்திரிப்பெட்டி பிடித்துக் காய்த்த கை. "இப்போ நான் அவகிட்ட என்னன்னு சொல்றது?"

அவள் தன் மகளைத் தூக்கிக்கொண்டாள். நாலு வயசுப் பெண்ணைக் கைக்குழந்தை மாதிரி தோளில் போட்டுக்கொண்டு போனாள்.

மறுநாளிலிருந்து ஐஸ் டீச்சர் வகுப்புக்குப் போகவில்லை. காதைச் சோதித்தவர் படம் போட்டுக் காட்டினார்: கோடு நேராக வந்து, மேல் சுருதிக்குப் போகப் போகப் பள்ளத்தில் விழுந்தது. "இது ஆறேழு வருஷத்துக்கு முந்தியே ஆரம்பிச்சிருக்கும். முன்னாடியே வந்திருந்தா இவ்வளவு சிரமப்பட்டிருக்க வேண்டாம்" என்றார், சாதாரணமாக. இரண்டு காதுக்கும் மெஷின் வந்தது. முதல் வாரம் உலகம் தாங்கவில்லை. தட்டு வைக்கும் சத்தம், செருப்புச் சத்தம், காகிதம் மடிக்கிற சத்தம்கூடச் சம்மட்டி அடித்தது. வீட்டுக்காரர், "காப்பி ஆச்சா?" என்று கேட்க, இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டார். "கத்தாதீங்க!" "நான் எங்கடி கத்தறேன்?" என்று அவர் நிஜமாகவே குழம்பிப்போனார். அன்று முதல் மனிதர் வீட்டுக்குள் ரகசியம் பேசுகிறவர் மாதிரி நடமாடினார். பாவமாகத்தான் இருந்தது.

பெற்றவர்களுக்குப் பள்ளி கடிதம் அனுப்பியது. இரண்டு குடும்பம் பிள்ளைகளை வேறு பள்ளிக்கு மாற்றின. அதில் ஒன்று பூசணி வீடு. வேலை போகவில்லை, ஆனால் இருந்த இடமும் இல்லை. இரண்டு மாதம் கழித்துத் திரும்பியபோது அவருக்கு வகுப்பு கிடையாது. இன்னொரு டீச்சருக்கு உதவியாளராகப் போட்டார்கள். அந்த டீச்சருக்கு இருபத்தாறு வயது. வேலைக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. பசை கரைப்பது, வண்ணக் காகிதம் நறுக்குவது, மூக்கு துடைப்பது. முதல் நாள் அந்தப் பெண், "அக்கா, நான் சொல்றது கேக்குதா?" என்று ஒவ்வொரு தடவையும் கேட்டாள். கேட்பதில் தப்பில்லை. இருந்தும் மாலை வீட்டுக்கு வந்து அழுதார்.

குருவி அதே கட்டடத்தில், எதிர் அறையில் இருந்தாள். வேனில் விடுமுறைக்குள் பேச ஆரம்பித்துவிட்டாள்; ஆயாம்மாவிடம், மணியிடம், தன் வகுப்புக்கு வந்த புது டீச்சரிடம். ஐஸ் டீச்சரைக் கண்டால் நடையில் ஒதுங்கி நின்று வழிவிடுவாள், பெரிய மனுஷி மாதிரி. அவ்வளவுதான். இவரும் வலியப் போய்ப் பேசவில்லை. பேசினால் தன் மனசு ஆறும். அதற்காக அந்தப் பிள்ளையைத் தொந்தரவு பண்ணுவானேன் என்று இருந்துவிட்டார். கோடையில் குருவி பெரிய பள்ளிக்குப் போய்விட்டாள்.

அடுத்த குளிர்காலம் வந்தது. பெற்றோர் கூட்டத்தில் ஐஸ் டீச்சர் எழுந்து நின்று, தலைமுடியை ஒதுக்கி மெஷினைக் காட்டி, "எனக்குக் காது குறைவு. இதைப் போட்டா கேக்கும், ஆனா கூட்டத்துல குழம்பும். உங்க பிள்ளைங்க என் முன்னால வந்து, என் கையைத் தட்டிட்டுப் பேசணும்னு சொல்லிக் கொடுங்க. எனக்குக் கேக்கலன்னா, கேக்கலன்னே சொல்லுவேன்" என்றார். ஓர் அப்பா கை தூக்கி, தன் பிள்ளையை வேறு வகுப்பில் போட முடியுமா என்று நயமாகக் கேட்டார். "தாராளமா" என்றார் இவர்.

அந்த மாதத்தில் ஒரு நாள் பஸ் நிறுத்தத்தில் குருவியின் அம்மாவைப் பார்த்தார். பார்க்காத மாதிரி போகலாமா என்று இவர் யோசிப்பதற்குள் அவளே பக்கத்தில் வந்தாள்.

"மெஷின் போட்டிருக்கீங்களா டீச்சர்?"

"ஆமாம்மா. பாப்பா எப்படி இருக்கா?"

"நல்லா இருக்கா. நல்லாப் படிக்கறா. வாய் ஓயறதில்ல." அவள் பையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினாள். "ஆனா எதைச் சொன்னாலும் ரெண்டு தடவை சொல்றா டீச்சர். பசிக்குதுன்னா, பசிக்குது, நிஜமா பசிக்குதுன்னு சொல்றா. தலை வலிச்சாலும் அப்படித்தான். ஏண்டி நிஜமான்னு சேத்துக்கறன்னு கேட்டா முழிக்கறா. அவளுக்கே தெரியல."

"நீங்க என்ன சொல்லுவீங்க?"

"முதல் தடவை சொன்னதுமே எழுந்திரிச்சுடுவேன். என்ன வேலை கையில இருந்தாலும் போட்டுட்டு எழுந்திரிச்சுடுவேன். ஆனாலும் ரெண்டாவது தடவை சொல்லிட்டுத்தான் நிறுத்தறா." அவள் சாலையைப் பார்த்தாள். "சரியாயிடும்ல டீச்சர்?"

முன்பெல்லாம் பெற்றவர்கள் கேட்கிற இந்த மாதிரிக் கேள்விக்கு ஐஸ் டீச்சரிடம் பதில் தயாராக இருக்கும். பத்தொன்பது வருடத்தில் எத்தனை பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன், எல்லாம் சரியாகிவிடும் என்பார்.

"எனக்குத் தெரியலம்மா" என்றார்.

அவள் தலையாட்டினாள். அந்தப் பதிலில் அவளுக்குக் கோபம் வந்ததாகத் தெரியவில்லை. பஸ் வந்தது, அவளுடையது. ஏறி, ஜன்னலோர இருக்கையில் உட்கார்ந்து, பையை மடியில் வைத்துக்கொண்டாள். இவருடைய பஸ்ஸுக்கு இன்னும் இருபது நிமிடம் இருந்தது.